சாப்பாட்டை வெறுக்கச் சொன்னாரா புத்தர்?

"பௌத்தம் சாப்பாட்டையே அருவருக்கச் சொல்கிறது, ருசித்தால் பாவம்" என்று மேலே எழுதிய தம்பிக்கு: பாதிதான் சரி. உணவின் அருவருப்பை எண்ணிப் பார்க்கும் தியானம் உண்மையிலேயே இருக்கிறது. வாயில் எச்சிலோடு குழைவது முதல் கழிவாவது வரை எல்லாம் அதில் வரும். ஆனால் அது நாக்கின் ஆசைக்கு மருந்தாகத் தியானிகள் செய்வது, எல்லோருக்குமான சட்டம் இல்லை. அருவருப்பானதை அருவருப்பின்றிப் பார்க்கவும் பழகு, பிறகு இரண்டையும் விட்டுச் சமநிலையில் இரு என்றும் அதே புத்தர் சொல்கிறார். இதை ஏனோ யாரும் பகிர்வதில்லை. சோறே அருவருப்பு என்றால், பௌத்தப் பண்டிகையான வெசாக்குக்கு நம்ம திருகோணமலையில் தன்சல் என்ற இலவச உணவுப் பந்தல் போட்டு வருகிறவர் போகிறவருக்கெல்லாம் ஏன் சாப்பாடு கொடுக்கிறார்கள்?

பட்டினி கிடந்து எலும்பும் தோலுமான பின், சுஜாதை என்ற பெண் கொடுத்த பாற்சோற்றை உண்டவர் புத்தர். மூக்கு முட்டச் சாப்பிட்டு மூச்சு வாங்க வந்த கோசல மன்னன் பசேநதியிடமும் சோற்றை வெறுக்கச் சொல்லவில்லை. அளவறிந்து உண்பவனுக்கு வேதனை குறையும், மூப்பும் மெதுவாக வரும் என்று ஒரு பாட்டாகச் சொன்னார், அவ்வளவுதான். மன்னன் அந்தப் பாட்டைச் சாப்பாட்டு நேரந்தோறும் ஓர் இளைஞனைச் சொல்லவைத்தான். படிப்படியாகக் குறைத்து ஒரு நாழிச் சோற்றுக்கு வந்தான், உடம்பும் இளைத்தது.