பாதி நோட்டை அழித்தால் ஈஸி ஆகிவிடுமா?

பாட்டின் தாளத்துக்கு வட்டங்களைத் தட்டி விளையாடும் ஓசு கேமில் ஹார்ட் லெவலைக் காப்பி எடுத்து, ஒன்று விட்டு ஒன்றாக நோட்டை, அதாவது தட்ட வேண்டிய வட்டத்தை, அழித்துவிட்டு, மேலே ஈஸி என்று பேர் எழுதி அனுப்பும் தம்பிமார்களே, கொஞ்சம் நில்லுங்கள். மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் எங்கள் தோட்டத்துக் கோயில் மேளத்துக்கு மேப், அதாவது எந்த அடிக்கு எங்கே தட்டுவது என்ற அமைப்பு, போட்டுக் கொடுத்தீர்கள். சந்தோஷம். ஆனால் அதை விளையாடத் தெரியாத ஒருவன் கையில் கொடுத்துப் பார்த்தீர்களா?

ஒன்று விட்டு ஒன்று அழித்ததில், தலையை ஆட்ட வைக்கும் அந்தக் கனமான முதல் அடியே பல இடங்களில் காணாமல் போய்விட்டது. நடுவில் வரும் பொடி அடிகள்தான் மிச்சம். என் அக்கா மகன் மேளம் கேட்டே வளர்ந்தவன். காது சொல்லும் இடத்தில் தட்டுகிறான், அங்கே நோட்டே இல்லை. "மாமா, கேம் மேளத்தையே கேட்கல" என்றான். சரியாகத்தான் சொன்னான்.

இதைவிடக் கொடுமை நடை. அந்த மேளம் திஸ்ரம், ஒரு தட்டை மூன்றாகப் பிரித்துத் தகிட தகிட என்று போகும். மேப் போடும் எடிட்டரில் தட்டை நாலாகப் பிரிக்கும் கோட்டை மாற்றக்கூட இல்லை, அதிலேயே திணித்து வைத்திருக்கிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். 120 பிபிஎம்மில், அதாவது நிமிடத்துக்கு 120 தட்டு வேகத்தில், ஒரு தட்டு 500 மில்லிசெகண்ட். மூன்றாகப் பிரித்தால் இரண்டாவது அடி 167இல் விழ வேண்டும், நாலாகப் பிரித்தால் 125இல் விழும். 42 மில்லிசெகண்ட் இடிக்கிறது. ஓசுவில் ஒரு நோட்டுக்கு முழு மதிப்பெண் 300 வாங்க எத்தனை மில்லிசெகண்ட் முன்னே பின்னே போகலாம்? நேரத்தில் எவ்வளவு கறார் என்று மேப்பில் வைக்கும் எண்தான் ஓ.டி.; 80இலிருந்து அந்த எண்ணின் ஆறு மடங்கைக் கழிக்க வேண்டும். ஓ.டி. 3 என்றால் 62, தப்பித்துவிடலாம். ஓ.டி. 8 என்றால் வெறும் 32. மேளத்தைக் கேட்டு ஒழுங்காக அடித்தவனுக்கு 300 போய் 100 வரும். ஈஸியில் ஒளிந்துகொண்ட தப்பு ஹார்டில் பல்லை இளிக்கிறது. கேட்டால், "அண்ணே, பையன்களுக்குத் தாளம் பத்தல" என்று பதில். அடப்பாவி, அந்தப் பையன்களில் ரெண்டு பேர் தைப்பூசத்துக்கு உறுமி அடிக்கிறவர்கள்!

உறுமியை வளைந்த குச்சியால் தேய்க்கும்போது வரும் அந்த இழுவை இருக்கிறதே, அதற்குத்தானே பிடித்தபடியே இழுத்துக்கொண்டு போகும் ஸ்லைடர் என்று ஒன்று இருக்கிறது? அதையும் தனித்தனி வட்டமாக நறுக்கி வைத்திருக்கிறார்கள்.

இன்னொரு பாட்டு 180 பிபிஎம். நார்மலில் தட்டுக்கு ஒரு நோட்டு, அதாவது வினாடிக்கு 3. அடுத்த லெவலில் தட்டுக்கு நாலு, வினாடிக்கு 12. நடுவில் ஒரு படிகூடக் கிடையாது. நேற்று வேலைக்கு வந்தவனிடம் நீட்டு அரிவாளைக் கொடுத்து, இருப்பதிலேயே உயரமான செம்பனையைக் காட்டி, குலையை வெட்டு என்பது மாதிரி.

"ஸ்டார் ரேட்டிங் சரியாத்தானே காட்டுது" என்கிறார்கள். அது நோட்டுகளின் தூரத்தையும் வேகத்தையும் பார்த்து, லெவல் எவ்வளவு கஷ்டம் என்று கேமே போடும் எண் ஐயா. பாட்டை அது கேட்பதே இல்லை. "நான் அடிச்சுப் பார்த்தேன், ஈஸிதான்" என்பது அதைவிட வேடிக்கை. போட்டவனே அடித்தால் ஈஸியாக இல்லாமல் வேறெப்படி இருக்கும்?

அடுத்த மேப்பை அனுப்புவதற்கு முன் சனிக்கிழமை சாயங்காலம் கோயில் மண்டபத்துக்கு வாருங்கள். லேப்டாப்பைத் தொடக் கூடாது. என் மருமகன் விளையாடுவான், நீங்கள் பின்னால் நின்று வாயைத் திறக்காமல் பார்க்க வேண்டும்.