லுண்ட் பல்கலைக்கழகத்தை எந்த எண்ணால் அளப்பது?

வெளிநாட்டில் மேற்படிப்பு என்ற பேச்சு எழுந்தவுடன் நம்மவர்கள் முதலில் தேடுவது உலகத் தரவரிசைப் பட்டியலைத்தான். தெற்கு ஸ்வீடனில் இருக்கும் லுண்ட் பல்கலைக்கழகம் அந்தப் பட்டியல்களில் முதல் நூறு இடங்களையொட்டி வந்துகொண்டே இருக்கிறது. ஏறத்தாழ 45,000 மாணவர்கள், 8,000 பணியாளர்கள், லுண்ட், மால்மோ, ஹெல்சிங்போரி ஆகிய நகரங்களில் வளாகங்கள் எனப் பார்த்தால் ஸ்காண்டிநேவியாவின் மிகப் பெரிய கல்வி நிலையங்களுள் அதுவும் ஒன்று. இவை அனைத்தும் சரியான விவரங்களே. ஆயினும் அந்தப் பல்கலைக்கழகம் ஏன் மதிக்கத்தக்கது என்பதை இவற்றில் ஒன்றுகூடச் சொல்வதில்லை. அங்கு ஓர் ஆய்வு தொடங்கியதற்கும் அதன் பயன் உலகுக்குத் தெரியவந்ததற்கும் இடையில் எத்தனை ஆண்டுகள் கழிந்தன, அத்தனை ஆண்டுகளும் அதற்குச் செலவிட்டது யார் என்பவைதான் நாம் கேட்க வேண்டிய கேள்விகள்.

அதன் பிறப்பில் அறிவுத் தேடலைவிட அரசியலே மிகுதி. 1658ஆம் ஆண்டின் ரோஸ்கில்டே உடன்படிக்கையால், லுண்ட் இருக்கும் ஸ்கோனே மாநிலத்தை டென்மார்க் ஸ்வீடனிடம் இழந்தது. புதிதாகக் கைக்கு வந்த அந்த மண்ணின் பாதிரியார்களையும் அதிகாரிகளையும் ஸ்வீடன்காரர்களாக வார்த்தெடுக்கும் நோக்கத்துடன் 1666இல் இந்தப் பல்கலைக்கழகம் நிறுவப்பட்டது. டென்மார்க் மன்னர் இரண்டாம் பிரெடரிக் காலத்தில் எழுந்த செங்கல் மாளிகை இன்றும் வளாகத்தின் நடுவே நிற்கிறது.

என் கருத்துக்குச் சான்றாக 1953ஆம் ஆண்டைச் சொல்வேன். இருதய வால்வு அறுவை சிகிச்சை அப்போதுதான் வளர்ந்துகொண்டிருந்தது. வால்வு சுருங்கியிருக்கிறதா அல்லது கசிகிறதா என்பதை மார்பைத் திறக்காமல் அறிவதற்கு நம்பகமான வழி இல்லை. லுண்ட் மருத்துவமனையின் இருதய மருத்துவர் இங்கே எட்லர் இந்தச் சிக்கலை இயற்பியலாளர் ஹெல்முத் ஹெர்ட்ஸிடம் கொண்டுசென்றார். எஃகில் உள்ள விரிசலைக் கண்டறிய மால்மோவின் கொக்கும்ஸ் கப்பல் கட்டும் தளத்தில் ஓர் அல்ட்ராசவுண்ட் கருவி இருந்தது. அதை இரவல் வாங்கி ஹெர்ட்ஸ் தம் மார்பின்மீதே வைத்துப் பார்க்க, இருதயத்தின் அசைவு எதிரொலியாகத் தெரிந்தது. பிறகு சீமென்ஸ் நிறுவனம் தந்த கருவியைக் கொண்டு அக்டோபர் மாதத்தில் முதல் பதிவை எடுத்தார்கள். இன்று நம் ஊர் மருத்துவமனைகளில் எக்கோ என்று எழுதித் தரப்படும் பரிசோதனையின் தொடக்கம் அதுவே. அந்த இருவருக்கும், மருத்துவ ஆய்வுக்கென அமெரிக்காவில் வழங்கப்படும் லாஸ்கர் பரிசு கிடைத்தது 1977இல். இடையில் 24 ஆண்டுகள் ஓடிவிட்டன.

அர்விட் கார்ல்சனின் கதையில் காத்திருப்பு இன்னும் நீண்டது. மூளையில் டோபமைன் என்ற வேதிப்பொருள் தானே செய்தி கடத்தும் ஒரு தூதுப்பொருளாகச் செயல்படுகிறது என்று 1950களின் இறுதியில் லுண்டில் அவர் காட்டினார். அன்றைய வல்லுநர்கள் பலர் அதை ஏற்க மறுத்தார்கள். பார்க்கின்சன் நோய்க்கு எல்-டோபா மருந்து வருவதற்கு வழி திறந்தது அந்த ஆய்வுதான். அதற்கான நோபல் பரிசு 2000ஆம் ஆண்டில் வந்தபோது அவர் லுண்டை விட்டு கோத்தன்பர்க் சென்று நாற்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. இயற்பியலாளர் ஆன் லூலியே, மந்த வாயுவின் ஊடாக லேசர் ஒளியைச் செலுத்தும் தம் ஆய்வை 1987இல் பிரான்சில் தொடங்கி, 1990களின் நடுவில் லுண்டுக்கு வந்து தொடர்ந்தார். 2023இல் இயற்பியல் நோபல் அறிவிப்புக்கான தொலைபேசி அழைப்பு வந்த நேரத்தில் அவர் வகுப்பெடுத்துக்கொண்டிருந்தார். பேசி முடித்ததும் மீண்டும் வகுப்புக்கே திரும்பினார்.

லுண்டின் வரவுசெலவில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு ஆராய்ச்சிக்குப் போகிறது. அதில் பெரும்பகுதி, நேரடி ஒதுக்கீடாகவோ ஆய்வு மன்றங்களின் வழியாகவோ, மக்களின் வரிப்பணத்திலிருந்து வருவது. லுண்டில் 2016 ஜூன் 21 அன்று திறக்கப்பட்ட, எக்ஸ் கதிர்களை உண்டாக்கும் மேக்ஸ் 4 ஆய்வகத்தின் பெரிய எலெக்ட்ரான் வளையம் 528 மீட்டர் சுற்றளவு கொண்டது. அதன் எக்ஸ் கதிர்களைக் கொண்டு இன்று புரதங்களையும் உலோகங்களையும் ஆராய்பவர்களில் யாருடைய வேலை எப்போது பலன் தரும் என்று எவராலும் கூற இயலாது. அது தெரியாமலே பணம் ஒதுக்குகிற துணிவை நான் மனமாரப் போற்றுகிறேன்.

இதே காரணத்தால்தான் கல்விக் கட்டணம் பற்றிய ஸ்வீடனின் முடிவு எனக்கு வருத்தம் தருகிறது. 2011 இலையுதிர்ப் பருவம் வரை எந்த நாட்டு மாணவரும் அங்கே கட்டணமின்றிப் படிக்கலாம். அதன்பின் ஐரோப்பிய ஒன்றியம், ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதி, சுவிட்சர்லாந்து ஆகியவற்றுக்கு வெளியிலிருந்து வருபவர்கள், பெரும்பாலான முதுநிலைப் படிப்புகளுக்கு ஆண்டுக்கு ஒரு லட்சம் குரோனாருக்கும் மேல் செலுத்த வேண்டியதாயிற்று. இது நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் என்பதால் பல்கலைக்கழகத்தை மட்டும் குறை சொல்வது நியாயமாகாது. டென்மார்க் 2006இலும், பின்லாந்து 2017இலும், நார்வே 2023இலும் இதே வழியில் சென்றன. ஸ்வீடன் மக்களின் வரியில் அயலார் ஏன் இலவசமாகப் படிக்க வேண்டும் என்ற கேள்வியிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் எட்லருக்குத் துணைநின்ற ஹெர்ட்ஸ் யார்? பெர்லினில் பிறந்து, போர்க்கைதியாக அமெரிக்காவில் இருந்து, போர் முடிந்தபின் லுண்டுக்கு வந்து சேர்ந்த ஓர் அயல்நாட்டு இளைஞர். வாசலிலேயே அவரிடம் ஒரு பெருந்தொகையைக் கேட்டிருந்தால் அந்தக் கூட்டு முயற்சி நடந்திருக்குமா என்று கேட்காமல் இருக்க முடியவில்லை.

முனைவர் பட்ட ஆய்வுக்கு இந்தத் தடை இல்லை. அங்கே ஆய்வு மாணவர்களிடம் கட்டணம் வாங்குவதில்லை. அவர்களில் மிகப் பெரும்பாலோர் மாதச் சம்பளம் பெறும் பணியாளர்களாகவே சேர்க்கப்படுகிறார்கள். ஆனால் அந்த இடத்தை எட்டுவதற்கு முன் முதுநிலைப் படிப்பைக் கடக்க வேண்டும், வசதியற்றவர் தடுக்கப்படுவதும் அங்கேதான். லுண்ட் வழங்கும் உலகளாவிய உதவித்தொகை, கட்டணத்தின் கால் பங்கிலிருந்து முழுத் தொகை வரை ஈடுசெய்கிறது. தங்குவதற்கும் உண்பதற்கும் ஆகும் செலவை ஏற்பதில்லை. முழு உதவி பெற்றவரும் வாழ்க்கைச் செலவுக்கான பணத்தை வங்கியில் காட்டினால்தான் குடியிருப்பு அனுமதி பெற முடியும். குறைந்தபட்சம் முழு உதவித்தொகை பெறுவோருக்காவது அந்தச் செலவையும் சேர்த்து வழங்க ஸ்வீடன் அரசு முன்வர வேண்டும்.