பக்கத்து இருக்கையின் அரசியல்

சல்லகட்டாவிலிருந்து வைட்ஃபீல்டு வரை சுமார் 43 கிலோமீட்டர் நீளும் மெட்ரோவின் ஊதாத் தடம் 2023 அக்டோபரில் முழுமையாகத் திறக்கப்பட்டபோது, இனி பெங்களூரில் நிம்மதியாகப் புத்தகம் படிக்கலாம் என்று மகிழ்ந்தவர்களில் நானும் ஒருவன். இப்போது அந்த நேரம் முழுவதையும் பக்கத்து இருக்கைக்காரரின் கைப்பேசி விழுங்கிவிடுகிறது. இயர்போன் என்று ஒன்று உலகத்தில் இருப்பதே தெரியாதவரைப் போல, சென்னைத் தொலைக்காட்சியின் அரசியல் விவாதத்தை முழுச் சத்தத்தில் ஓடவிட்டு, நான்கு பேர் ஒரே நேரத்தில் கத்துவதை முகத்தில் எந்தச் சலனமும் இல்லாமல் பார்த்துக்கொண்டிருக்கிறார். அடுத்த நிலையம் எது என்று கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் வருகிற அறிவிப்பே அதில் அமுங்கிப்போகிறது.

சத்தத்தைக் குறைக்கச் சொல்வதும் வம்புதான். “அண்ணா, கொஞ்சம் மெதுவா வைங்களேன்” என்று வாய் திறந்த மறுகணம், “அட, நீங்க தமிழா? சொல்லுங்க, இந்தத் தடவை யார் வருவாங்க?” என்று திரும்பி உட்கார்ந்துவிடுகிறார். மடியில் விரித்த புத்தகம், பேச ஆள் தேடுகிறவரின் அடையாளமாகத்தான் அவருக்குத் தெரிகிறது போலும். அரசியல் பேசுவதில் எனக்கும் விருப்பம் உண்டு. ஆனால், தமிழ்நாட்டின் 234 தொகுதி நிலவரத்தையும் விரல்நுனியில் வைத்திருக்கும் இந்த மனிதர், பெங்களூரில் தாம் வாக்களிக்கும் அல்சூர்ப் பக்கத்துச் சட்டமன்ற உறுப்பினரின் பெயரைக் கேட்டால் விழிக்கிறார். பொறுக்க மாட்டாமல் எழுந்து கதவோரம் போய் நின்றால், அங்கே இன்னொருவர் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருக்கிறார், அதுவும் முழுச் சத்தத்தில்.