பச்சை வண்டியும் இருபது வளைவும்

(சேலம் கொண்டலாம்பட்டி பைபாஸ் ஓரத்தில் தகரக் கூரை போட்ட ஒரு லாரிப் பட்டறை. காலை பதினொரு மணிக்கே தகரம் தோசைக்கல்லாகக் காய்கிறது. நடுவில் மூக்கு நீண்ட பழைய ராணுவ லாரி ஒன்று, ஓய்வுபெற்ற சுபேதாரைப் போல யாரையும் சட்டை செய்யாமல் நிற்கிறது. ஏற்காட்டில் நாகலூர்ப் பக்கம் நாலு ஏக்கர் காப்பித் தோட்டம் வைத்துக்கொண்டு, இந்த வண்டியை ராணுவ ஏலத்தில் எடுத்தவர், ஒரு கையில் சாமந்தி மாலையும் மறு கையில் ஒரு பை எலுமிச்சம்பழமுமாக வந்து சேர்கிறார். வண்டிக்கு அடியிலிருந்து இரண்டு கால்கள் மட்டும் நீட்டிக்கொண்டிருக்கின்றன. அந்தக் கால்களுக்குச் சொந்தக்காரர்தான் மேஸ்திரி.)

தோட்டத்துக்காரர்: மேஸ்திரி, நல்ல நேரம் பன்னிரண்டு மணிக்குள் முடிகிறது. புறப்படலாமா?

மேஸ்திரி: யாரோடு அண்ணா?

தோட்டத்துக்காரர்: வண்டியோடுதான்.

மேஸ்திரி: வருகிறேன் என்று வண்டி சொன்னதா?

தோட்டத்துக்காரர்: வெளியே வந்து பேசுங்கள். காலோடு பேசுவது எனக்குப் பழக்கமில்லை.

மேஸ்திரி (ஊர்ந்து வெளியே வந்து, கைகளைக் கழிவு நூலில் துடைத்துக்கொண்டு): இத்தனை எலுமிச்சம்பழம் எதற்கு?

தோட்டத்துக்காரர்: சக்கரத்துக்கு ஒன்று வைத்து நசுக்கிவிட்டுத்தானே கிளம்ப வேண்டும்?

மேஸ்திரி: இந்த டயரையும் பழத்தையும் மோதவிட்டால் பழம் ஜெயித்துவிடும். பக்கவாட்டில் விரலை வைத்துப் பாருங்கள்.

தோட்டத்துக்காரர்: வெடிப்பு கொஞ்சம் இருக்கிறது. ஆனால் தரையில் படுகிற பட்டன் எல்லாம் புதிது போல இருக்கிறதே! தேயவே இல்லை.

மேஸ்திரி: ஓடியிருந்தால் தேய்ந்திருக்கும். இது நின்றே செத்த டயர். அந்த நீள்வட்டத்துக்குள் இருக்கும் எண்ணைப் படியுங்கள்.

தோட்டத்துக்காரர்: மூன்று, ஒன்று, ஏழு.

மேஸ்திரி: அப்புறம்?

தோட்டத்துக்காரர்: அவ்வளவுதான். நாலாவது எண் அழிந்துவிட்டது போலிருக்கிறது.

மேஸ்திரி: அழியவில்லை. பிறக்கவே இல்லை. 2000க்குப் பிறகு வந்த டயரில் நாலு எண் இருக்கும். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. மூன்று எண் என்றால் போன நூற்றாண்டுச் சரக்கு. 31ஆம் வாரம், ஏழில் முடிகிற ஏதோ ஓர் ஆண்டு.

தோட்டத்துக்காரர்: எந்த ஏழு?

மேஸ்திரி: 97ஆக இருக்கலாம். 87ஆகவும் இருக்கலாம். கட்டம் போட்டுப் பார்த்தால்தான் தெரியும்.

தோட்டத்துக்காரர்: ஏலத்தில் ‘உள்ளது உள்ளபடி’ என்று போட்டிருந்தார்கள். எவ்வளவு நேர்மையான வார்த்தை என்று நினைத்தேன்.

மேஸ்திரி: நேர்மைதான். இல்லாததும் இல்லாதபடியே வந்திருக்கிறது. ஜாக்கி இல்லை, ஸ்டெப்னி இல்லை, ஒரு பக்கம் வைப்பர் இல்லை. ஏலத்துக்குக் கட்டிய பணத்தைவிட டயர் பில் கூடுதலாக வரும். மாலையை அந்த ஆணியில் மாட்டிவிட்டு உட்காருங்கள்.

(சேலத்தில் ஒரு லாரி நின்றால், அதைச் சுற்றி நாலு நிபுணர்கள் தானாக முளைப்பார்கள். நாமக்கல்லும் சங்ககிரியும் பக்கத்தில் இருப்பதன் பலன் அது. இன்று வெயிலுக்குப் பயந்து எவரும் வரவில்லை. தோட்டத்துக்காரரின் மானம் அந்த அளவுக்குத் தப்பியது.)

தோட்டத்துக்காரர்: நீங்கள் இதைச் சாதாரண லாரியாக நினைக்கிறீர்கள். இது சக்திமான். ஜெர்மனியின் மேன் நிறுவனத்து உரிமத்தில், ஜபல்பூர் ராணுவத் தொழிற்சாலைகளில் 1959இல் தொடங்கி 1996 வரை செய்த வண்டி. மேன் என்ற பெயருக்குள்ளேயே ஆக்ஸ்பர்க், நூரம்பர்க் என்று இரண்டு ஊர்கள் இருக்கின்றன, தெரியுமா?

மேஸ்திரி: ஆக்ஸ்பர்க்கில் இருபது கொண்டை ஊசி வளைவு இருக்கிறதா?

தோட்டத்துக்காரர்: அது எனக்கு எப்படித் தெரியும்?

மேஸ்திரி: ஏற்காட்டுக்கு இருக்கிறது. அதுதான் எனக்குக் கவலை. இந்த ஜெர்மன்காரர் தொப்பூர் கணவாயையே இன்னொரு லாரியின் முதுகில் உட்கார்ந்துதான் இறங்கினார்.

தோட்டத்துக்காரர்: ஓட்டிக்கொண்டு வர அப்போது பேட்டரி இல்லை. இப்போதுதான் என் டிராக்டர் பேட்டரியைக் கொண்டுவந்து கொடுத்தேனே.

மேஸ்திரி: கொடுத்தீர்கள். அது 12 வோல்ட். இது 24 வோல்ட் வண்டி. 12 வோல்ட் பேட்டரி இரண்டை வரிசையாக இணைத்தால்தான் செல்ஃப் சுற்றும். ஒன்றை வைத்துச் சாவி போட்டேன். உள்ளே யாரோ தொண்டையைச் செருமினார்கள், அவ்வளவுதான்.

தோட்டத்துக்காரர்: நான் கொடுத்த ஹார்ன்?

மேஸ்திரி: ஜீப்பில் இருந்து கழற்றியதுதானே? அதுவும் 12 வோல்ட். 24இல் கொடுத்ததும் ஒரே ஒரு முறை பாடியது. மிக நன்றாகப் பாடியது. அதன் பிறகு புகை வந்தது.

(மேஸ்திரி பட்டறையின் மூலைக்கு அழைத்துப் போகிறார். கழற்றி வைத்த டீசல் டேங்க் ஒன்று சாக்கின்மேல் கிடக்கிறது.)

மேஸ்திரி: இப்படி உட்காருங்கள். உள்ளே இரண்டு கைப்பிடி சிறுஜல்லி, நாலு லிட்டர் டீசல் போட்டிருக்கிறேன். நீங்கள் அந்தப் பக்கம் பிடியுங்கள். அப்படியே உருட்ட வேண்டும்.

தோட்டத்துக்காரர்: காசும் கொடுத்து வேலையும் நான் செய்யவா?

மேஸ்திரி: நல்ல நேரம் போய்க்கொண்டிருக்கிறது அண்ணா.

(இருவரும் உருட்டுகிறார்கள். டேங்குக்குள் ஆலங்கட்டி மழை பெய்கிறது. மேஸ்திரி அடித் திருகைக் கழற்றியதும் பழுப்பாக, கெட்டியாக, ஒரு கயிறு போல இறங்குகிறது டீசல். கீழே வைத்த வேட்டித் துணி வடிகட்டியில் துருப் பொடி மெல்லப் படிகிறது. தோட்டத்துக்காரர் குனிந்து, இரண்டு விரலால் எடுத்து, தொழில் பழக்கத்தில் தேய்த்துப் பார்க்கிறார்.)

தோட்டத்துக்காரர்: நடுத்தர அரைப்பு. பில்டருக்குச் சரியாக இருக்கும்.

மேஸ்திரி: இது மூன்றாவது டிகாஷன். முதல் டிகாஷனைப் பார்த்திருந்தால் ஏலத்துக்கே போயிருக்க மாட்டீர்கள். இதோடு மலை ஏறியிருந்தால் மூன்றாவது வளைவில் பில்டர் அடைத்து, இன்ஜின் விக்கி நின்றிருக்கும்.

தோட்டத்துக்காரர்: சரி. டேங்கைக் கழுவுங்கள், டயரை மாற்றுங்கள், பெல்ட்டும் ஹோஸும் போடுங்கள். எல்லாவற்றுக்கும் சம்மதம். அந்தப் பச்சையில் மட்டும் கை வைக்காதீர்கள். அந்தப் பச்சைக்காகத்தான் ஏலத்தில் கையைத் தூக்கினேன்.

மேஸ்திரி: கம்ப்யூட்டரில் நடந்த ஏலம்தானே? அதில் எதற்குக் கையைத் தூக்கினீர்கள்?

தோட்டத்துக்காரர்: ஒரு கையால் பட்டனை அழுத்தினேன். இன்னொரு கை தானாகத் தூக்கிக்கொண்டது.

மேஸ்திரி: இறக்கிவிடுங்கள். எல்லாவற்றுக்கும் முன்னால் போக வேண்டியதே அந்தப் பச்சைதான். 1989ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில் 121ஆவது விதி. ராணுவத்தைத் தவிர வேறு யாருடைய வண்டிக்கும் ஆலிவ் பச்சை கூடாது.

தோட்டத்துக்காரர்: நான் எங்கே பூசினேன்? அவர்களே பூசி அனுப்பியதுதானே!

மேஸ்திரி: இதை அடிவாரத்துச் சோதனைச் சாவடியில் நிறுத்தும்போது இதே குரலில் சொல்லுங்கள்.

தோட்டத்துக்காரர்: நிறுத்துவார்களா? சல்யூட் அடிப்பார்கள் என்றல்லவா பார்த்தேன்.

மேஸ்திரி: அடிப்பார்கள். அந்தக் கையை இறக்காமலேயே நிறுத்தச் சொல்லிக் காட்டுவார்கள்.

தோட்டத்துக்காரர்: அப்படியானால் வேறு பச்சை? கிளிப்பச்சை, இலைப்பச்சை?

மேஸ்திரி: இந்த மூக்கோடு எந்தப் பச்சை அடித்தாலும் தூரத்திலிருந்து பார்க்கிறவருக்கு ஒரே பச்சைதான்.

தோட்டத்துக்காரர்: வெள்ளை?

மேஸ்திரி: பால் வண்டி.

தோட்டத்துக்காரர்: சிவப்பு?

மேஸ்திரி: எங்கே தீ என்று கேட்பார்கள்.

தோட்டத்துக்காரர்: மஞ்சள்?

மேஸ்திரி: பள்ளிக்கூட வண்டி. வழியெல்லாம் பிள்ளைகளை ஏற்றிவிடுவார்கள். மாலையில் திரும்பக் கொண்டுபோய் விடவும் வேண்டும்.

தோட்டத்துக்காரர் (நெடுநேரம் யோசித்து): வறுத்த காப்பிக்கொட்டை நிறம்.

மேஸ்திரி: நல்ல நிறம். துருப் பிடித்தாலும் தெரியாது.

(மேஸ்திரி பட்டைக்கத்தியை எடுத்துக் கதவில் ஒரு உள்ளங்கை அளவுக்குச் சுரண்டுகிறார். பச்சைக்கு அடியில் பச்சை. அதற்கு அடியில் கொஞ்சம் கறுத்த பச்சை. அதற்கும் அடியில் வெளிறிப்போன ஒரு பச்சை. அதன் பிறகுதான் ரெட் ஆக்சைடும் இரும்பும். சுரண்டிய ஓரத்தில் அடுக்குகள் வெங்காயத்தைப் போலத் தெரிகின்றன.)

மேஸ்திரி: கையில் தூரிகை கிடைத்த போதெல்லாம் பூசியிருக்கிறார்கள். கதவின் கனத்தில் பாதி பெயின்ட்தான்.

(தோட்டத்துக்காரர் கீழே விழுந்த ஒரு சில்லை எடுத்து, ஊதி, சட்டைப் பையில் போட்டுக்கொள்கிறார். மேஸ்திரி பார்த்துவிடுகிறார்.)

மேஸ்திரி: அண்ணா, ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளக் கூடாது. நாலு ஏக்கர் காப்பிக்கு ஒரு பிக்கப் வேன் போதாதா?

தோட்டத்துக்காரர்: பதினெட்டு வயதில் ராணுவத்துக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று போனேன். ஓட்டத்தில் தேறினேன். மூச்சை இழுத்தால் மார்பு 5 சென்டிமீட்டர் விரிய வேண்டும். எனக்கு 4தான் விரிந்தது.

மேஸ்திரி: அந்த ஒரு சென்டிமீட்டருக்காகவா மூன்று டன் லாரி?

தோட்டத்துக்காரர்: ...நம்பர் பலகையாவது இருக்கட்டுமே. அம்புக்குறி போட்டு 86 என்று தொடங்குகிறது பாருங்கள்.

மேஸ்திரி: ராணுவ வண்டி என்பதற்கு அம்பு. பக்கத்தில் இருப்பது வண்டியை எடுத்த ஆண்டு. இனி அது உங்கள் எண் இல்லை. தற்காலிகப் பதிவு எண்ணை எழுதித்தான் சாலையில் இறங்க வேண்டும்.

தோட்டத்துக்காரர்: அம்பு மேலே ஏற்காட்டைத்தானே காட்டுகிறது! சகுனமாக இருக்கட்டும் என்றேன்.

மேஸ்திரி: பலகையைக் கழற்றிக் கூடத்தில் மாட்டிக்கொள்ளுங்கள். அங்கே உத்தரத்தைக் காட்டும்.

தோட்டத்துக்காரர்: முகப்பு விளக்கில் இமை மாதிரி மூடி போட்டிருக்கிறதே, அது?

மேஸ்திரி: போர்க்காலத்து மூடி. வெளிச்சம் ஒரு கீற்றாகத் தரையில் மட்டும் விழும். எதிரி விமானத்துக்குத் தெரியாது.

தோட்டத்துக்காரர்: எவ்வளவு பெரிய வசதி!

மேஸ்திரி: எதிரி விமானம் ஏற்காட்டுக்கு வந்ததில்லை. ஏற்காடு பஸ் தினமும் வருகிறது. பனிமூட்டத்தில் பதினெட்டாவது வளைவில் அந்த டிரைவருக்கு நீங்கள் தெரியாவிட்டால் என்ன செய்வது? மூடி போகிறது.

தோட்டத்துக்காரர்: குப்பனூர் வழியாக, கொட்டச்சேடு பக்கம் சுற்றிப் போய்விட்டால்?

மேஸ்திரி: சாலை இந்த மூக்குக்குக் குறுகல். எதிரே ஜீப் வந்தால் யார் பின்னால் போவது?

தோட்டத்துக்காரர்: மலையில் ஏறுகிற வண்டிக்குத்தான் முதலுரிமை. அதுவும் விதிதான்.

மேஸ்திரி: விதி உங்கள் பக்கம். பிரேக் யார் பக்கம்? நேற்று வரை லைனிங் டிரம்மோடு ஒட்டிக்கொண்டு கிடந்தது. சுத்தியலால் தட்டித் தட்டிப் பிரித்தேன். அப்புறம், அந்தச் சின்னக் கியர்த்தடியைத் தொடாதீர்கள். முன்சக்கரத்துக்கும் இழுவை கொடுப்பது அது. சேற்றில் போடலாம். தார்ச் சாலையில் போட்டுத் திருப்பினால், டயர் வழுக்க இடமில்லாமல் உள்ளே இருக்கும் பற்சக்கரமெல்லாம் முறுக்கிக்கொள்ளும்.

தோட்டத்துக்காரர்: பச்சை கூடாது, அம்பு கூடாது, இமை கூடாது, கியர்த்தடி கூடாது. வீட்டுக்கு நான் எதைத்தான் ஓட்டிக்கொண்டு போகிறேன்?

மேஸ்திரி: காப்பி நிறத்தில் ஒரு லாரியை.

(கொஞ்ச நேரம் பேச்சில்லை. பைபாஸில் போர்வெல் லாரி ஒன்று குலுங்கிக்கொண்டு போகிறது. தோட்டத்துக்காரர் வண்டியின் பின்பக்கம் போய்க் குனிகிறார்.)

தோட்டத்துக்காரர்: மேஸ்திரி, பின் அச்சின் நடுவில் உருண்டையாக இருக்கிறதே, அதற்கு மட்டும் ஏன் வெள்ளை?

மேஸ்திரி: டிஃபரன்ஷியலா? அதற்கு மேலே ஒரு குட்டி விளக்கும் இருக்கிறது பாருங்கள். ராத்திரியில் எல்லா விளக்கையும் அணைத்துவிட்டு வண்டிகள் வரிசையாகப் போகும்போது, பின்னால் வருகிறவர் அந்த வெள்ளையைப் பார்த்துக்கொண்டே வருவார். மேலேயிருந்து பார்த்தால் தெரியாது.

தோட்டத்துக்காரர்: அதில் காப்பி நிறம் அடிக்க வேண்டாம்.

மேஸ்திரி: அடிக்கவில்லை. ஆனால் அதை யார் பார்க்கப் போகிறார்கள்?

தோட்டத்துக்காரர்: பின்னால் வருகிறவர்.

மேஸ்திரி: பின்னால் வரப்போவது நான்தான் அண்ணா. மொபெட்டில், இரண்டு குடம் தண்ணீரும், சக்கரத்துக்கு அண்டக்கொடுக்க ஒரு கட்டையுமாக.

தோட்டத்துக்காரர்: அப்படியானால் உங்களுக்காகத்தான். எரிகிறதா என்று பாருங்கள்.

(மேஸ்திரி மறுபடியும் அடியில் நுழைகிறார். மறுபடியும் இரண்டு கால்கள்.)

மேஸ்திரி: பல்பு நன்றாக இருக்கிறது. பேட்டரி இரண்டும் வந்த பிறகு எரியும். டயர் வர நாலு நாள், பெயின்ட் காய இரண்டு நாள். அடுத்த வாரம் ஒரு நல்ல நேரம் பார்த்து வையுங்கள்.

தோட்டத்துக்காரர்: அதற்குள் இந்த எலுமிச்சம்பழம் எல்லாம் வாடிவிடுமே?

மேஸ்திரி: டீக்கடையில் கொடுத்து இரண்டு கிளாஸ் பிழியச் சொல்லுங்கள் அண்ணா. எனக்கு உப்புப் போட்டு.