பங்க் ரசிகர்கள் தவிர்க்கவும்

வடபழனியில் நாங்கள் பிராக்டிஸுக்கு மணிக்கணக்கில் வாடகைக்கு எடுக்கும் ஜாம் ரூம் வாசலில் போன ஞாயிறு ஒரு தாள் ஒட்டியிருந்தது. பேனாவால் எழுதியது. "மெட்டல் பேண்டுக்கு பேஸ் கிடார் வாசிக்க ஆள் தேவை. ஒரே ரசனை உள்ளவர்கள் மட்டும். பங்க் ரசிகர்கள் தவிர்க்கவும்." கீழே ஒரு போன் நம்பர். கடைசி வரிக்கு மட்டும் அடிக்கோடு, அதுவும் இரண்டு முறை.

எங்கள் டிரம்மர் அதை நின்று படித்தான். அவனுக்கு பங்க் என்றால் உயிர். வேகமாக, முரட்டுத்தனமாக, எளிமையாக வாசிக்கும் ராக் இசை அது. மெட்டல் ராக்கின் இன்னொரு கிளை, கனமான கிடார் சத்தம். ஒன்றும் சொல்லாமல் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய்விட்டான். எனக்குத்தான் அன்றிலிருந்து மனசு ஆறவில்லை. எழுதியவர் மேல் கோபம் இல்லை. இருபது வயதில் நானும் அப்படி ஒரு தாளை எழுதியிருப்பேன். ஆனால் அது தப்பு என்று இப்போது எனக்கு உறுதியாகத் தெரியும்.

என் முதல் பேண்டில் நாலு பேருக்கும் ஒரே ரசனை. 2007 மார்ச்சில் அயர்ன் மெய்டன் என்ற இங்கிலாந்து மெட்டல் பேண்ட் முதன்முறையாக இந்தியாவுக்கு வந்து வாசித்தபோது, பெங்களூரு பேலஸ் மைதானத்துக்கு நாலு பேரும் அன்ரிசர்வ்டு பெட்டியில் நின்றுகொண்டே போனோம். தொண்டை கட்டிப்போய்த் திரும்பி வந்தோம். அந்த பேண்ட் பதினாலு மாதம் ஓடியது. பிரிந்தபோது, ரசனை ஒத்துவரவில்லை என்று எல்லோரிடமும் சொன்னோம். அது பொய். ஜாம் ரூம் வாடகையை எப்போதும் ஒருத்தனே கொடுத்துக்கொண்டிருந்தான். இன்னொருத்தன் எப்போதும் ஒரு மணி நேரம் தாமதம். ரசனையில் எங்களுக்குள் மயிரிழை வித்தியாசம்கூடக் கிடையாது. அதுவே ஒரு குறை என்று ரொம்ப நாள் கழித்துத்தான் புரிந்தது. நாங்கள் போட்ட ஐந்து பாட்டும் ஏற்கெனவே எங்கோ கேட்ட பாட்டாகவே இருந்தன. "இது வேணாம்டா, வேற மாதிரி போவோம்" என்று ஒருத்தன் சொல்லவில்லை. வேறு மாதிரி என்றால் என்னவென்று எங்களில் யாருக்கும் தெரியாது.

இப்போது இருக்கும் பேண்ட் அப்படியே தலைகீழ். கிடார் வாசிக்கும் அண்ணன் மெட்டல். டிரினிட்டி இசைத் தேர்வில் எட்டாவது கிரேடு முடித்தவர், தாளம் காட்டும் மெட்ரோனோம் ஓடாமல் கிடாரைத் தொடமாட்டார். டிரம்மர் பெரம்பூர் பையன், இருபத்துநாலு வயது, சர்ச்சில் வாசித்து வாசித்தே கற்றுக்கொண்டவன். பாடுகிற அக்கா போரூரில் பள்ளி ஆசிரியை. பங்க், மெட்டல் எல்லாம் அவருக்கு ஒன்றுதான். தான் எழுதிய தமிழ் வரி கடைசி வரிசையில் நிற்பவர் காதில் விழ வேண்டும், அது போதும் அவருக்கு. நடுவில் நான், பேஸ்.

முதல் ஆறு மாதம் சரியான சண்டை. "மூணு கார்டை வெச்சுக்கிட்டு கத்துறதெல்லாம் பாட்டாடா?" என்பார் அண்ணன். (கார்டு என்றால் சேர்த்து மீட்டும் சில சுரங்கள்.) "மெட்டல் பணக்காரப் பசங்க பாட்டுணா. டபுள் பெடல் வாங்கவே எங்க வீட்ல ரெண்டு மாச வாடகை போயிடும்" என்பான் டிரம்மர். இந்த இரண்டாவது பேச்சு அண்ணனை ரொம்பவே குத்திவிட்டது. ஒரு நாள் பிராக்டிஸ் முடிந்து டீக்கடையில் நிற்கும்போது அவர் பிளாக் சபாத் என்ற மெட்டல் பேண்டின் கிடார்காரர் டோனி அயோமியின் கதையைச் சொன்னார்.

பர்மிங்ஹாமில் தகரத் தகடு அடிக்கும் தொழிற்சாலை ஒன்றில் அயோமி வேலை பார்த்தார். பதினேழு வயது. அன்றோடு வேலையை விட்டு நிற்கப்போகிற கடைசி நாள். மெஷினில் கை மாட்டி நடுவிரல், மோதிர விரல் இரண்டின் நுனியும் போய்விட்டன. அவர் இடது கைப் பழக்கம் உள்ளவர் என்பதால், கம்பியை அழுத்தும் கை வலது கை. அடிபட்டதும் அதே வலது கைதான். பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரலுக்குத் தொப்பி மாதிரி செய்து மாட்டிக்கொண்டார். அழுத்தினால் வலிக்காமல் இருக்க மெல்லிய கம்பிகளைப் போட்டார், பின்னால் சுருதியையும் இறக்கிக் கம்பியைத் தளர்த்தினார். 1970-ல் பிளாக் சபாத்தின் முதல் ஆல்பம் வந்தது. அதில் அந்தக் கைதான் வாசிக்கிறது. மெட்டலுக்கே ஆணிவேர் என்று எல்லோரும் கொண்டாடுகிற அந்தக் கனமான சத்தம் ஒரு தொழிலாளியின் வெட்டுப்பட்ட கையிலிருந்து வந்தது.

அண்ணன் சொல்லி முடித்ததும் டிரம்மர் டீ கிளாஸைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தான். அவன் அப்பா அம்பத்தூர் எஸ்டேட்டில் பிரஸ் மெஷின் ஓட்டுகிறவர். "எங்கப்பாவுக்கும் ஒரு விரல் நுனி இல்லணா" என்றான். அதற்கு மேல் அவனும் பேசவில்லை, நாங்களும் பேசவில்லை. அன்றைக்கு டீக்கு அண்ணன்தான் காசு கொடுத்தார். பணக்காரப் பசங்க பாட்டு என்ற பேச்சை அதற்குப் பிறகு நான் அவன் வாயில் கேட்டதே இல்லை.

அடுத்தது அண்ணனின் முறை. ரமோன்ஸ் என்ற பங்க் பேண்டின் பாட்டு ரொம்ப சுலபம் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். சரி, தொடர்ந்து நாலு பாட்டு வாசியுங்கள் என்றோம். ஒரே நிபந்தனை: அவர்களின் கிடார்காரர் ஜானி ரமோன் வாசிக்கிற மாதிரியே வாசிக்க வேண்டும். ஜானி கம்பியைக் கீழ்நோக்கி மட்டும்தான் அடிப்பார். மேல்நோக்கி ஒரு அடி கிடையாது. அந்த வேகத்தில் பாட்டு முழுக்கக் கீழ்நோக்கி மட்டுமே அடிப்பது என்ன என்பதை வாசித்துப் பார்த்தால்தான் தெரியும். இரண்டாவது பாட்டில் அண்ணனின் முன்கை இறுகியது. மூன்றாவது பாட்டின் பாதியில் தன்னை அறியாமலே மேலும் கீழுமாக அடிக்க ஆரம்பித்துவிட்டார். உடனே சத்தம் மாறிப்போனது. அந்த முரட்டுத்தனம் காணாமல் போய், அதே கார்டு, அதே வேகம், வெறும் தட்டையாகக் கேட்டது. அது எங்கள் நாலு பேருக்குமே காதில் விழுந்தது. அவர் கிடாரைக் கீழே வைத்துவிட்டு மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். "ஹெட்ஃபீல்டும் இப்படித்தானே அடிப்பாரு" என்று மெதுவாகச் சொன்னார். ஆமாம். அவர் உயிராக நினைக்கும் மெட்டாலிகா என்ற மெட்டல் பேண்டில் ஜேம்ஸ் ஹெட்ஃபீல்டின் வலது கையும் இதே வேலையைத்தான் செய்கிறது.

டிரம்மரும் தப்பவில்லை. சபாத் மாதிரி மெதுவாக ஒரு ரிஃபுக்கு, அதாவது திரும்பத் திரும்ப வரும் கிடார் வரிக்கு, வாசிடா என்றால், எட்டு தாளச் சுற்று போவதற்குள் ஓட ஆரம்பித்துவிடுவான். ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவில் இருக்கிற வெற்றிடத்தில் கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்க அவனுக்குத் தெரியவில்லை. வேகமாக வாசிப்பதைவிட மெதுவாக வாசிப்பது கஷ்டம் என்பதை அவன் ஒத்துக்கொள்ள மூன்று வாரம் ஆனது.

அப்புறம் நாங்கள் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டோம். எங்கள் பேண்டைக் காப்பாற்றியது இதுதான் என்று நான் நம்புகிறேன். யார் என்ன யோசனை சொன்னாலும், வேண்டாம் என்று சொல்வதற்கு முன்னால் அதை ஒழுங்காக, முழு மனசோடு வாசித்துக் காட்ட வேண்டும். அரை மனசோடு வாசித்துவிட்டு "பார்த்தியா, நல்லா இல்ல" என்று சொல்லக் கூடாது. வாசித்த பிறகும் பிடிக்கவில்லையா, தாராளமாக வேண்டாம் என்று சொல்லலாம். ரசனை வேறாக இருப்பதால் பேண்ட் உடைந்து நான் பார்த்ததில்லை. முகத்தைச் சுளிப்பதால் உடைந்து பார்த்திருக்கிறேன். "இதெல்லாம் பாட்டா?" என்ற கேள்வியை ஒருத்தன் வாயில் பத்து தடவை கேட்டவன் பதினோராவது தடவை பிராக்டிஸுக்கு வரமாட்டான். காரணம் கேட்டால் ஆபீஸில் வேலை என்பான்.

ஒரு முறை கிழக்குக் கடற்கரைச் சாலையில் எல்லோரும் ஒரே காரில் போனோம். ரமோன்ஸின் முதல் ஆல்பம், 1976-ல் வந்தது, 14 பாட்டு. திருவான்மியூர் தாண்டிப் போட்டோம், முட்டுக்காடு வருவதற்குள் முடிந்தது. அடுத்து ஸ்லேயர் என்ற மெட்டல் பேண்டின் 1986 ஆல்பம், ரெய்ன் இன் ப்ளட், 10 பாட்டு. இரண்டுமே ஏறக்குறைய 29 நிமிடம்! டிரம்மர் போனை எடுத்து நேரத்தைப் பார்த்துவிட்டு அண்ணனிடம் காட்டினான். மெட்டல் என்றாலே நீளம், பங்க் என்றாலே குட்டை என்று இரண்டு பேரும் மாறி மாறிச் சொல்லிக்கொண்டிருந்தது அந்தக் காரிலேயே முடிந்தது.

அது தற்செயல் இல்லை. ஸ்லேயரிலேயே இதே சண்டை இருந்தது. இரண்டு கிடார்காரர்களில் கெர்ரி கிங் மெட்டல் பக்கம். ஜெஃப் ஹான்னமன் பங்க் பைத்தியம், அந்த ரெக்கார்டுகளை பேண்டுக்குள் கொண்டுவந்தவர் அவர். அந்த வேகம் அப்படித்தான் வந்தது. 1996-ல் அவர்கள் பெரும்பாலும் பழைய பங்க் பாட்டுகளையும், பங்க்கின் இன்னும் வேகமான கிளையான ஹார்ட்கோர் பாட்டுகளையுமே எடுத்து ஒரு முழு ஆல்பம் போட்டார்கள். "பங்க் ரசிகர்கள் தவிர்க்கவும்" என்று ஸ்லேயர் வாசலில் ஒட்டியிருந்தால் ஹான்னமன் உள்ளே வந்திருக்க முடியாது. தாள் ஒட்டிய நண்பரின் போனில் ஸ்லேயர் இல்லாமலா இருக்கும்?

பேஸ் வாசிக்கிறவனாக எனக்கு இன்னொருவர் முக்கியம். மெட்டாலிகாவின் கிளிஃப் பர்ட்டன். ஜெர்மானிய இசைமேதை பாக்கின் இசையை உட்கார்ந்து படித்தவர், மிஸ்ஃபிட்ஸ் என்ற பங்க் பேண்டின் டி-ஷர்ட்டை மாட்டிக்கொண்டு மேடை ஏறியவர். ஒரே ஆள். 1986 செப்டம்பரில் ஸ்வீடனில் பஸ் விபத்தில் இறந்துபோனார், வயது 24. அடுத்த வருடமே மெட்டாலிகா மிஸ்ஃபிட்ஸின் பாட்டுகளை வாசித்துப் பதிவு செய்தது. எங்கள் டிரம்மருக்கும் இப்போது அதே வயதுதான் என்பது அவ்வப்போது நினைவுக்கு வரும்.

சரி, எங்கள் பாட்டுக்கு வருகிறேன்.

அக்கா தண்ணீர் லாரியைப் பற்றி ஒரு பாட்டு எழுதியிருந்தார். 2019 கோடையில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நாலு ஏரியும் வறண்டு, ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து 50 வேகன்களில் 25 லட்சம் லிட்டர் தண்ணீர் ரயிலில் வில்லிவாக்கம் வந்து இறங்கியதே, அந்த நாட்கள். அவர் தெருவில் ராத்திரி பதினொரு மணிக்கும் குடங்களை வரிசையில் வைத்துவிட்டுப் பெண்கள் திண்ணையில் உட்கார்ந்திருப்பார்களாம். காலையில் அவர் பள்ளிக்கூடம் போக வேண்டும். டிரம்மர் அதை ஒன்றரை நிமிடக் கத்தலாகப் போடலாம் என்றான். அண்ணன் ஏழு நிமிடம் கேட்டார், முன்னால் நீளமான வாத்திய இசையோடு. வழக்கப்படி இரண்டையும் முழு மனசோடு வாசித்தோம். இரண்டுமே சரியில்லை.

அக்காதான் சொன்னார். "தண்ணிக்கு நிக்கறப்போ நேரமே நகராது. லாரி திரும்பற சத்தம் கேட்டதும் ஒரே ஓட்டம், யாரு குடம் யாருதுன்னே தெரியாது. ரெண்டையும் போடுங்களேன்."

முதல் இரண்டு நிமிடம் சபாத் நடையில், சுருதி இறக்கிய கிடார், காத்திருப்பு. டிரம்மர் கையைக் கட்டிக்கொண்டு அந்த வெற்றிடங்களில் நிற்கிறான். அக்கா ஒவ்வொரு வீட்டுக் குடத்தின் நிறத்தையும் சொல்லிக்கொண்டே போகிறார். அப்புறம் ஸ்னேர் டிரம்மில் நாலு அடி, லாரி வந்துவிட்டது, மிச்சம் முழுக்க ஓட்டம். அண்ணன் கீழ்நோக்கி மட்டும் அடிக்கிறார், ஒரு மாதம் வீட்டில் அதையே பழகியிருக்கிறார். முதல்முறை அந்த இடத்தைச் சரியாகத் தாண்டியபோது என் கை ரோமம் எழுந்து நின்றது. பதினெட்டு வருடமாக வாசிக்கிறேன், இப்படி நடந்தது மூன்றோ நாலோ தடவைதான்.

அந்தப் பாட்டை ஒரு கல்லூரி விழாப் போட்டியில் வாசித்தோம். நடுவர் ஒருவர், "முதல்ல நீங்க எந்த ஜானர்னு முடிவு பண்ணிட்டு வாங்க" என்றார். ஜானர் என்றால் இசை வகை. பரிசு இல்லை. 1984-ல் பிளாக் ஃபிளாக்கிடமும் அதையே கேட்டார்கள். வேகத்துக்குப் பேர் போன ஹார்ட்கோர் பேண்ட், ஒரு ஆல்பத்தின் இரண்டாம் பக்கத்தில் மூன்றே பாட்டு, ஒவ்வொன்றும் ஆறு நிமிடத்துக்கு மேல், சபாத் மாதிரி ஊர்ந்து போகும். ரசிகர்கள் பலருக்குக் கோபம். இன்றைக்கு மெதுவான, கனமான இசை வாசிக்கும் எத்தனையோ பேர் அந்தப் பக்கத்திலிருந்துதான் தொடங்குகிறார்கள்.

நம் ஊரிலேயே 2018 ஜனவரியில் தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் என்ற சென்னை இசைக்குழு மேடை ஏறியபோது கானாவும் ராப்பும் பறையும் கிடாரும் ஒன்றாக நின்றன. (கானாதான் நம்ம ஊர் பங்க் என்று சிலர் சொல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. கானா கானாதான், அதற்கு வெளியூர்ப் பெயர் எதுவும் தேவையில்லை.) அந்தக் கூட்டத்தில் யாரும் நடுவரைப் போல ஜானர் கேட்டு நான் பார்க்கவில்லை. கைதான் தட்டினார்கள்.

எங்கள் பாட்டு இப்போது 4 நிமிடம் 10 வினாடி. முடிவில் மட்டும் இன்னும் சண்டை. பட்டென்று நிற்க வேண்டும் என்கிறான் டிரம்மர். கிடார் சத்தம் தானாக அடங்கும்வரை விட வேண்டும் என்கிறார் அண்ணன். போன ஞாயிறு இரண்டு பேரும் ஒரே பைக்கில் கிளம்பினார்கள். ஆற்காடு ரோடு சிக்னலில் நான் பக்கத்தில் போய் நின்றபோதும், ஹெல்மெட்டுக்குள்ளேயே அதைத்தான் பேசிக்கொண்டிருந்தார்கள்.

அந்தத் தாளை எழுதிய நண்பர் இதைப் படிக்க நேர்ந்தால், வருகிற ஞாயிறு நாலு மணிக்கு அதே ஜாம் ரூமுக்கு வாருங்கள். இரண்டு முடிவையும் முழுசாக வாசிக்கப் போகிறோம். எது சரி என்று உங்கள் காதும் சொல்லட்டும். செருப்பை மட்டும் வெளியே விட்டுவிடுங்கள், உள்ளே கார்பெட்.