கிரீனிச் குண்டுவெடிப்பு நடை: மலையடிவாரத்திலிருந்து ஏறுங்கள்

லண்டனில் கிரீனிச் குண்டுவெடிப்பைப் பற்றிய வரலாற்று நடைக்குப் போகிறீர்களா? வானாய்வகத்து முற்றத்தில், உலக நேரத்துக்கு அடிப்படையான தீர்க்கரேகைக் கோட்டுப் பக்கத்தில் கதையை ஆரம்பிக்கிற வழிகாட்டி வேண்டாம். குண்டு அங்கே வெடிக்கவே இல்லை. கட்டடத்துக்கு ஒரு கீறலும் விழவில்லை. 1894 பிப்ரவரி 15 மாலை அது வெடித்தது கீழே, மலைச்சரிவில் வளைந்து ஏறும் பாதையில். முற்றத்தில் நின்று கேட்டால் "காலத்தையே தகர்க்க வந்தவன்" என்ற கற்பனைதான் மனதில் தங்கும்.

குண்டைக் கொண்டுவந்த மார்சியல் பூர்தான் 26 வயது பிரெஞ்சுத் தையல்காரர், அரசின்மைவாதி. ('அராஜகவாதி' என்று எழுதினால் தமிழில் அடாவடிக்காரன் என்ற பொருள் ஒட்டிக்கொள்கிறது. அரசே வேண்டாம் என்ற அரசியல் கொள்கை அது.) அதனால் நடை டாட்டன்ஹாம் கோர்ட் ரோட்டை ஒட்டிய விண்ட்மில் தெருவில் தொடங்குவதே முறை. அவர் புழங்கிய, அரசின்மைவாதிகள் கூடும் ஆட்டோனமி கிளப் அங்கே 6ஆம் எண்ணில் இருந்தது. அந்த வாரச் செய்திகளை வழிகாட்டி அங்கேயே சொல்லிவிட வேண்டும்: பிரெஞ்சு நாடாளுமன்றத்தில் குண்டு வீசிய அரசின்மைவாதி வாய்யானுக்கு பிப்ரவரி 5இல் பாரிஸில் மரண தண்டனை நிறைவேற்றம், 12இல் அங்கேயே கஃபே டெர்மினஸில் குண்டு. இவை தெரியாமல் கிரீனிச்சுக்குப் போனால் பூர்தான் திடீரென முளைத்த பைத்தியக்காரராகத் தெரிவார்.

அவர் வெஸ்ட்மின்ஸ்டரிலிருந்து டிராமில் போனார். இன்று அங்கிருந்து படகில் போகலாம். கொஞ்சம் மெதுவான பயணம்தான், ஆனால் இடையில் பேச நேரம் கிடைக்கும்.

கிரீனிச்சில் இறங்கியதும் நேராகப் பூங்காவுக்குள் நுழைந்து சரிவின் அடியில் நில்லுங்கள். ஏற்றம் செங்குத்து; முட்டிவலிக்காரர்கள் நின்று நின்று ஏற வேண்டும். பன்னிரண்டு பேருக்கு மேல் போனால் பாதை அடைபடும், பின்னால் இருப்பவருக்குக் காற்றில் ஒன்றும் கேட்காது. முக்கியமானதை ஏறும்போது பேசாமல் நின்றுதான் சொல்ல வேண்டும். முடிந்தால் பிப்ரவரியிலேயே, மாலை நாலரைக்குச் சரிவில் இருங்கள். வெடித்தபோது இருந்த மங்கிய வெளிச்சம் அப்போதுதான் கிடைக்கும். குளிர்காலத்தில் பூங்காவைச் சீக்கிரம் மூடிவிடுவார்கள், நேரத்தை முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.

இங்கேதான் வழிகாட்டியின் தரம் தெரியும். வானாய்வகத்தின் கணக்கீட்டு அறையில் இருந்த தாக்கரே, ஹாலிஸ் என்ற இரு உதவியாளர்கள் சத்தத்தைக் கேட்டார்கள், நேரம் 4.51. வெளியே பார்த்தால் பூங்காக் காவலரும் பள்ளிச் சிறுவர்களும் குனிந்து கிடந்த ஓர் உருவத்தை நோக்கி ஓடுகிறார்கள். இடது கை போய்விட்டது, வயிற்றில் பெரிய காயம். குண்டு அவர் கையிலேயே வெடித்திருக்கிறது. சட்டைப்பையில் 13 பவுண்டு தங்க நாணயம்.

அந்த 13 பவுண்டைத் தாண்டிப் போகவே கூடாது. ஒரு தையல்காரருக்கு அது பெரிய தொகை. வானாய்வகத்தைத் தாக்க வந்தவர் இவ்வளவு பணத்தோடு ஏன் வந்தார்? நாட்டை விட்டுக் கிளம்பும் திட்டமா? குண்டை வேறு யாரிடமாவது ஒப்படைக்க வந்தாரா? அவருடைய மைத்துனர் சாமுவேல்ஸ் ஓர் அரசின்மைவாதப் பத்திரிகையின் ஆசிரியர். அவர் போலீஸ் ஆள், அவர்தான் தூண்டிவிட்டார் என்று இயக்கத்துக்குள்ளேயே டேவிட் நிக்கோல் 1897இல் துண்டுநூல் எழுதினார். இது நிரூபணமாகவில்லை. அபத்தமான குற்றச்சாட்டும் அல்ல: அரசின்மைவாதிகள் குண்டு செய்ததாக நடந்த 1892 வால்சால் வழக்கில் கூலோன் என்ற போலீஸ் உளவாளி இதே வட்டத்துக்குள் இருந்தவர்தான். எது ஆவணம், எது ஊகம் என்று பிரித்துச் சொல்லாத வழிகாட்டிக்குப் பணம் கொடுப்பது வீண். இந்தச் சம்பவத்தை வைத்துப் பின்னால் வந்த ஜோசப் கான்ராடின் 'தி சீக்ரெட் ஏஜென்ட்' நாவலின் காட்சிகளைச் சிலர் நடந்தவையாகவே சொல்லிவிடுகிறார்கள். அதைக் கேட்டால் அங்கேயே எதிர்த்துக் கேளுங்கள்.

மேலே ஏறி, வாயிலில் இருக்கும் ஷெப்பர்ட் கடிகாரத்தைப் பாருங்கள். 1852இல் வைத்தது. பூர்தான் அதை எட்டவே இல்லை.

பிறகு இறங்கி, கிங் வில்லியம் வாக்கில் இருக்கும் ட்ரெட்நாட் கட்டடத்தில் நடையை முடியுங்கள். இன்று பல்கலைக்கழகத்தின் கையில் இருக்கும் அது அப்போது மாலுமிகள் மருத்துவமனை. அவரைத் தூக்கிப்போனது அங்கேதான். சுமார் அரைமணி நேரத்தில், யாருக்காக, எதற்காக என்று சொல்லாமலே இறந்தார்.