4கே மானிட்டர் வாங்கினால் நிறம் சரியாக வந்துவிடுமா?

"4கே மானிட்டர் வாங்கினால் போதும், நிறம் தானாகச் சரியாகத் தெரியும்" என்று சேலம் கல்யாண போட்டோகிராபர்களிடையே வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. அது தவறு.

4கே என்பது 3840×2160 புள்ளிகள், அவ்வளவுதான். நிறத்துக்குப் பார்க்க வேண்டியது ஐபிஎஸ் பேனலா (எந்தக் கோணத்தில் பார்த்தாலும் நிறம் அதிகம் மாறாத திரை வகை), எஸ்ஆர்ஜிபி (திரைகளுக்கான பொதுவான நிறத் தரம்) நிறங்களை முழுக்கக் காட்டுமா என்பது. டிஎன் பேனல் என்ற இன்னொரு திரை வகையில் தலையைக் கொஞ்சம் சாய்த்தாலே அரக்குப் பட்டின் நிறம் மாறிவிடும். ஏற்காட்டு மூடுபனியின் மெல்லிய சாம்பல் அடுக்குகளை அதில் நம்பித் திருத்தவே முடியாது.

அப்புறம் வெளிச்சம். மானிட்டரின் வெளிச்சத்தை முழுதாக வைத்துத் திருத்திய ஆல்பம் இருட்டாகத்தான் அச்சாகி வரும். 100 முதல் 120 நிட்ஸ் (திரை வெளிச்சத்தின் அளவு) வரை குறைத்து வையுங்கள். எந்த மானிட்டரானாலும் கேலிப்ரேட்டர் (திரையின் நிறத்தை அளக்கும் கருவி) வைத்து அளந்து சரிசெய்துதான் ஆக வேண்டும். பணம் இடித்தால் 24 அங்குல முழு எச்டி ஐபிஎஸ் மானிட்டரும் ஒரு கேலிப்ரேட்டரும் வாங்குங்கள்.